இரண்டு கைக்கும் ஒரே உறை: மஃப் தைப்பது பற்றி வாசகர் கேள்விகள்

குளிர்காலத் தையல் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ஸ்வெட்டர், குல்லா என்று வரும் என எதிர்பார்த்தால், மஃப் பற்றித்தான் நிறைய வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் திறந்த குழாய் மாதிரி இருக்கும், ஒவ்வொரு பக்கமாக ஒரு கையை விட்டுக்கொள்ளலாம், அதுதான் மஃப். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: கையுறை போட்டும் எனக்கு விரல் நுனி மரத்துப் போகிறது. மஃப் உண்மையிலேயே உதவுமா, இல்லை அது வெறும் அலங்காரமா?

பதில்: நன்றாகவே உதவும். விரல் மெல்லியது, அதற்குள் இருக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் வெளியே தெரியும் தோலின் பரப்பு அதிகம். ஐந்து விரல் கையுறையில் ஒவ்வொரு விரலும் தனித்தனி அறையில் நின்று தன் சூட்டைத் தானே இழக்கிறது. விரல்களைச் சேர்த்து வைக்கும் மிட்டன் கையுறை அதைவிடக் கதகதப்பாக இருப்பது இதனால்தான். மஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறது, இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே அறையில் இருக்கின்றன.

இதில் இன்னொன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதி பதில்கள் தானாகவே விளங்கிவிடும். துணியோ பஞ்சோ சூட்டை உண்டாக்குவதில்லை. பஞ்சு இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் கையின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. அதனால் பஞ்சை அமுக்கித் தைத்தால் சூடு போச்சு. வாயை அகலமாக விட்டாலும் காற்று உள்ளே புகுந்து வெளியேறும், அப்போதும் சூடு போச்சு.

அப்புறம், உடம்பு முழுக்கக் குளிர்ந்தால் மூளை முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். நெஞ்சும் கழுத்தும் தலையும் மூடாமல் மஃப் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் விரல் சில்லென்றுதான் இருக்கும்.

அலங்காரம் என்று கேட்டதற்கு: 16-ம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் மஃப் இருந்தது, ஆண்களும் வைத்திருந்தார்கள். லண்டனில் நாட்குறிப்பு எழுதிய ஸாமுவேல் பெப்பிஸ், 1662 நவம்பர் 30 அன்று, மனைவியின் போன வருட மஃபைத் தான் எடுத்துக்கொண்டு அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் ஆட்டக்காரர்கள் குளிர் நாட்களில் இடுப்பில் மஃப் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். விரல் விறைத்தால் பந்தைப் பிடிக்க முடியாதே.

கேள்வி: எவ்வளவு துணி வேண்டும்? எந்தத் துணி?

பதில்: முதலில் துணியை விடுங்கள், உடம்பை அளவெடுங்கள். அளவெடுக்கும்போது வெளியே போட்டுக்கொள்ளும் கோட்டைப் போட்டிருக்க வேண்டும். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் சேர்த்து, ஒரு கை விரல்கள் இன்னொரு கை விரல்கள் மேல் படியும்படி வைத்து, ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டு வரை இன்ச் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அதுதான் மஃபின் நீளம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 30-லிருந்து 35 செ.மீ. வரும். அதே நிலையில் சேர்த்த கைகளைச் சுற்றித் தளர்வாக ஒரு சுற்று அளந்தால் உள்சுற்று கிடைக்கும். 44 செ.மீ. பலருக்குப் பொருந்தும்.

இங்கேதான் பலருடைய மஃப் உள்ளே சுருங்கிக் கசங்கி நிற்கிறது. வெளித்துணியையும், உள்ளே கையில் படும் துணியான லைனிங்கையும் ஒரே அளவில் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் பஞ்சு வைத்தால் உள்குழாய் வெளிக்குழாயைவிடச் சின்னதாகத்தானே இருக்கும்? பஞ்சு 1 செ.மீ. கனம் என்றால் உள்சுற்று ஏறக்குறைய 6 செ.மீ. குறைகிறது. ஒன்றரை செ.மீ. கனம் என்றால் 9 செ.மீ.க்கு மேல். அந்த வித்தியாசத்தை வெட்டும்போதே விட்டுவிட்டால் லைனிங் மடிப்பு விழாமல் உட்காரும், பஞ்சும் அமுங்காது.

ஆகவே 44 செ.மீ. உள்சுற்றுக்கும் 1 செ.மீ. கனப் பஞ்சுக்கும், துணி இரண்டிலும் எல்லாப் பக்கமும் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டுச் சொல்கிறேன்: வெளித்துணி 53 செ.மீ.க்கு 38 செ.மீ., லைனிங் 47 செ.மீ.க்கு 34 செ.மீ., பஞ்சுத் தகடு 47 செ.மீ.க்கு 32 செ.மீ. லைனிங் நீளத்தில் 4 செ.மீ. குறைவாக இருப்பது வேண்டுமென்றே வைத்தது. அப்போதுதான் வெளித்துணி வாய் ஓரத்தில் கொஞ்சம் உள்ளே மடங்கி நிற்கும், லைனிங் வெளியே எட்டிப் பார்க்காது.

வெளித்துணி காற்றைத் தடுக்க வேண்டும். நெருக்கமாக நெய்த கம்பளித் துணி, கார்டுராய், கனமான ஜீன்ஸ், மழைக்கோட்டு நைலான் எதுவானாலும் சரி. ரோமம் எழும்பிய மெத்தென்ற செயற்கைத் துணியான ஃப்ளீஸை மட்டும் வெளியே வைக்காதீர்கள், அதற்குள் காற்று சுலபமாகப் புகுந்து போகும். அது லைனிங்காக இருக்க வேண்டிய துணி. லைனிங்குக்கு ஃப்ளீஸ், ஃபிளானல், வெல்வெட் நல்லவை. சாட்டின் வேண்டாம் என்பது என் கருத்து. வழவழப்பான துணி தோலில் முழுசாக ஒட்டுவதால் கையை விட்டவுடன் சில்லென்று இருக்கும், ரோமம் எழும்பிய துணி அப்படி ஒட்டாது.

நடுவில் வைக்க, தகடாக வரும் பாலியஸ்டர் பஞ்சு சுலபம். கம்பளிப் பஞ்சு கிடைத்தால் அதைவிட நல்லது, கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. தலையணைக்குப் போடும் உதிரிப் பருத்திப் பஞ்சு இதற்குச் சரிப்படாது, கை வியர்த்தால் நனைந்து கட்டி தட்டிவிடும்.

வெட்டுவதற்கு முன்னால் துவைக்கக்கூடிய துணி எல்லாவற்றையும் ஒரு முறை அலசிக் காயவைத்துவிடுங்கள். தைத்த பிறகு ஒன்று மட்டும் சுருங்கினால் சரிசெய்ய வழியே இல்லை.

கேள்வி: வெட்டி வைத்துவிட்டேன். எதை முதலில் தைப்பது, எப்படித் திருப்புவது என்று குழப்பமாக இருக்கிறது.

பதில்: திருப்புவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், பொறுமையாக வாசியுங்கள், முடிந்தால் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

லைனிங்கில் சாவிக்கோ கைக்குட்டைக்கோ ஒரு சின்னப் பை வேண்டுமென்றால் இப்போதே, துணி தட்டையாக இருக்கும்போதே தைத்துவிடுங்கள். வெளித்துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, 38 செ.மீ. ஓரங்கள் இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். ஒரு குழாய் கிடைக்கும். லைனிங்கையும் அதே மாதிரி, 34 செ.மீ. ஓரங்களைச் சேர்த்துக் குழாயாக்குங்கள்.

வெளிக்குழாயின் சுற்று 50, லைனிங்கின் சுற்று 44. இந்த 6 செ.மீ.யை வாயில் சுருக்கிக்கொள்ள வேண்டும். வெளிக்குழாயின் இரண்டு வாயிலும் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே பெரிய ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து, 44-க்கு வரும்படி சுருக்கம் கொடுங்கள். சுருக்கம் ஒரே இடத்தில் குவியாமல் சுற்றிலும் பரவட்டும். இந்தச் சுருக்கத்தால் மஃப் நடுவில் உப்பலாகவும் வாயில் ஒடுங்கியும் இருக்கும், பார்க்கவும் அழகு, காற்றும் குறைவாகப் புகும்.

இப்போது லைனிங் குழாயை நல்ல பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, இன்னும் பின்பக்கம் வெளியே இருக்கும் வெளிக்குழாய்க்குள் விடுங்கள். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்த்து நிற்கும். ஒரு வாயை மட்டும் ஓரத்துக்கு ஓரம் பொருத்தி, 1.5 செ.மீ. விட்டுச் சுற்றிலும் தையுங்கள். மறு வாய் அப்படியே திறந்திருக்கட்டும்.

லைனிங்கை உள்ளிருந்து வெளியே இழுத்தால் ஒரு நீளமான குழாய் கிடைக்கும், பாதி வெளித்துணி, பாதி லைனிங். மொத்தக் குழாயும் பின்பக்கம் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். லைனிங் பாதியின் மேல் பஞ்சுத் தகட்டைச் சுற்றுங்கள். தகட்டின் இரண்டு ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும், ஏறினால் அந்த இடம் மேடாகும். பெரிய பெரிய தையலாக, இழுக்காமல், ஓரங்களை இணைத்து, லைனிங்கின் தையல் ஓரத்தோடும் நாலைந்து இடத்தில் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பஞ்சு உள்ளே நகரும்.

அப்புறம் வெளித்துணிப் பாதியைப் பிடித்து, காலுறையை மடித்து விடுவதுபோல, பஞ்சின் மேல் புரட்டிக் கொண்டு வாருங்கள். புரட்டும்போதே அது நல்ல பக்கத்துக்குத் திரும்பிவிடும். பஞ்சு நடுவில், லைனிங் உள்ளே, வெளித்துணி வெளியே. அவ்வளவுதான். மறு வாயில் இரண்டு துணியின் ஓரத்தையும் 1.5 செ.மீ. உள்ளே மடித்து, குண்டூசி குத்தி, நூல் வெளியே தெரியாத மறைவுத் தையலால் கையில் மூடிவிடுங்கள்.

கட்டம் கட்டமாகக் குவில்ட் தையல் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் தையல் போகும் ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு அமுங்கி, குளிர் புகும் வழியாகிவிடுகிறது. ஆசைப்பட்டால் அகல அகலமாக சில கோடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெஷின் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். நீளமான தையல்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்தி எடுக்கும் ‘பின் தையல்’ போடுங்கள், ஓட்டுத் தையல் போதாது. பாலியஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். கையை விட்டு எடுக்கும்போதெல்லாம் இழுபடுவது வாய் ஓரம்தான், அங்கே மட்டும் இரண்டு சுற்று தையுங்கள்.

கேள்வி: செயற்கை ஃபர் துணி வாங்கினேன். கத்தரித்ததும் வீடெல்லாம் ரோமம், ஓரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: கத்தரிக்கோலால் ரோமத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறீர்கள். ஃபரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பிளேடு நுனியால் அடித்துணியை மட்டும் கீறி, பிறகு மெதுவாக இழுத்துப் பிரிக்க வேண்டும். ரோமம் முழு நீளத்தோடு அப்படியே நிற்கும். வெட்டியதும் துண்டை வெளியே கொண்டுபோய் உதறிவிடுங்கள்.

ரோமத்துக்கு ஒரு போக்கு உண்டு, தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் படியும், எதிர்ப்பக்கம் முள்ளாக நிற்கும். மஃபைப் பிடித்தால் ரோமம் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ படிய வேண்டும். அதை வெட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். தைக்கும்போது ரோமத்தை விரலால் உள்ளே தள்ளிவிட்டுக் கிளிப் போடுங்கள், குண்டூசி ரோமத்துக்குள் தொலைந்துபோகும், பிறகு அது உங்கள் கையில்தான் குத்தும். மெஷினில் 90 அல்லது 100 எண் ஊசி, தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. தைத்து முடித்ததும் தையலில் சிக்கிய ரோமத்தை நல்ல பக்கத்திலிருந்து தடித்த ஊசியால் நெம்பி வெளியே எடுத்தால் தையல் போன இடமே தெரியாது.

இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், செயற்கை ரோமம் சூட்டில் உருகிக் கருகும். ஃப்ளீஸுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: பழைய கம்பளி ஸ்வெட்டரில் செய்ய முடியுமா?

பதில்: முடியும், எனக்கு மிகவும் பிடித்த வழி அது. முழுக் கம்பளியாக இருக்க வேண்டும். மெஷினில் துவைத்தாலும் சுருங்காது என்று லேபிளில் போட்ட வகை இதற்குப் பயன்படாது. வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். பிறகு வெட்டினாலும் நூல் பிரியாது. எவ்வளவு சுருங்கும் என்பது ஸ்வெட்டருக்கு ஸ்வெட்டர் மாறும், ஆகையால் சுருக்கி, காயவைத்து, அதன் பிறகுதான் அளவு போட வேண்டும். பஞ்சு வைத்த பழைய ஜாக்கெட்டின் கையும் நல்ல மூலப்பொருள்தான், வெளித்துணி, பஞ்சு, லைனிங் எல்லாம் சேர்ந்தே கிடைக்கிறது, சுற்றளவு போதுமா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மஃபுக்குள் சூடு கொடுக்கும் பொட்டலம் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் எந்த வகை என்பதைப் பார்த்து வையுங்கள். பிரித்துக் குலுக்கினால் சூடாகும் பொட்டலத்தில் இரும்புத்தூள் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு வருகிறது. காற்றுப் புகாத இடத்தில் திணித்தால் சூடு குறைந்துவிடும். அதற்கான பையை லைனிங்கில் மெல்லிய பருத்தித் துணியில், வாய் திறந்தபடி தையுங்கள். உள்ளே இருக்கும் சின்ன உலோகத் தகட்டை வளைத்தால் உறைந்து சூடாகும் ஜெல் பை இன்னொரு வகை. அதில் இருப்பது சோடியம் அசிடேட், 58 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி உறையும் பொருள். கொதிநீரில் போட்டு முழுவதும் உருக்கினால் மறுபடி மறுபடி பயன்படும்.

அரிசியோ கோதுமையோ நிரப்பி மைக்ரோவேவில் சூடாக்கும் பையில் கவனம் தேவை. துணியும் நூலும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், ஜிப், உலோகப் பொத்தான் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் தானியம் வறண்டு கருகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, கருகல் வாசனை வந்த பையைத் தூக்கிப் போடுங்கள்.

எந்த வகையானாலும் நேரடியாகத் தோலில் படக்கூடாது. சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டுப் பொட்டலமே வைக்காமல் இருப்பது நல்லது. சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

கேள்வி: குளிரில் என் விரல்கள் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, உள்ளே வந்ததும் சிவந்து வலிக்கின்றன. மஃப் போதுமா?

பதில்: நீங்கள் சொல்வது ரேனோ என்ற நிலையோடு ஒத்துப்போகிறது. மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் விவரித்தது. விரலுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள் குளிரில் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுகின்றன. அதுதான் உங்களுக்கு இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கட்டாயம் ஒரு முறை காட்டுங்கள். ஒரு கையில் மட்டும் வந்தாலோ விரல் நுனியில் புண் வந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம். மஃபைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு யோசனை: வெளியே போய் விரல் விறைத்த பிறகு கையை விடாதீர்கள், வீட்டுக்குள் கை சூடாக இருக்கும்போதே விட்டுக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே மெல்லிய கையுறையும் போட்டிருந்தால், சாவியெடுக்க வெளியே எடுக்கும் நேரத்திலும் விரல் குளிர்காற்றில் படாது.

கேள்வி: 5 வயதுப் பேத்திக்குத் தைத்துக் கழுத்தில் மாட்ட நாடா வைக்க ஆசை.

பதில்: அம்மா, நாடா மட்டும் வேண்டாம். ஊஞ்சல், சறுக்குமரம், வாகனக் கதவு எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். சிறுவர் உடைக்கான ஐரோப்பியத் தரநிலை சின்னக் குழந்தைகளின் கழுத்துப் பகுதியில் நாடாவையே அனுமதிப்பதில்லை. சொல்லப்போனால் அந்த வயதுக்கு மஃபைவிட மிட்டன் கையுறைதான் நல்லது. ஓடுகிற குழந்தை விழும்போது தரையில் ஊன்றக் கை வெளியே இருக்க வேண்டும்.

இது பெரியவர்களுக்கும்தான். பனி உறைந்த தரையிலும் படிக்கட்டிலும் ஒரு கையாவது வெளியே இருக்கட்டும். பெரியவர்களுக்கு நாடா வைப்பதானால், அழுத்தி இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி போட்டு வையுங்கள். நீளம், கோட்டின் மேல் கழுத்தைச் சுற்றித் தொப்புள் வரை வந்தால் போதும்.

கேள்வி: மறதிநோய் உள்ள மாமியார் எந்நேரமும் விரலால் எதையாவது நிமிண்டிக்கொண்டே இருக்கிறார், புடவை ஓரத்தைப் பிரித்துவிடுகிறார். அவருக்கு மஃப் தைத்தால் பயன் உண்டா?

பதில்: நல்ல யோசனை. பிரிட்டனில் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இதற்கென்றே பின்னப்பட்ட மஃப் கொடுக்கிறார்கள். உள்ளேயும் வெளியேயும் பொத்தான், ரிப்பன், பல வகைத் துணித் துண்டுகள் தைத்திருக்கும். கைக்கு வேலையும் கிடைக்கிறது, கதகதப்பும் கிடைக்கிறது. அவர் இளமையில் என்ன வேலை செய்தார், எந்தத் துணியைத் தொட்டுப் பழகியவர் என்று யோசித்து அதையே வையுங்கள். தையல் தெரிந்தவரென்றால் பொத்தானும் காஜாவும், பட்டு பிடித்தவரென்றால் ஒரு பட்டுத் துண்டு. கண்ணுக்கு அழகாக இருப்பதைவிட விரலுக்கு வித்தியாசம் தெரிவது முக்கியம், சொரசொரப்பு, வழவழப்பு, மேடு, பள்ளம்.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பொத்தானைப் பலமுறை சுற்றித் தைத்து, முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் பொத்தானே வேண்டாம், துணியில் உருட்டிய முடிச்சு போதும். விரல் மாட்டி இறுகும் சின்ன வளையங்கள், காந்தம், பேட்டரி, கூரான ஓரம் எதுவும் கூடாது. இது துளி பனியில்லாத அறைக்குள் மடியில் கிடக்கப் போவது, ஆகவே பஞ்சு மெலிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கை வியர்த்து எடுத்து வீசிவிடுவார். அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும், இரண்டாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லையென்றால் கையில் திணிக்காதீர்கள், பக்கத்தில் வைத்தால் போதும், தானாக எடுக்கிற நாளில் எடுக்கட்டும்.

கேள்வி: எப்படித் துவைப்பது?

பதில்: லைனிங்தான் அழுக்காகும். பாலியஸ்டர் பஞ்சும் ஃப்ளீஸும் என்றால் 30 டிகிரித் தண்ணீரில் மென்மையான சோப்பு. துணியை மிருதுவாக்கும் திரவம் ஊற்றினால் ஃப்ளீஸின் ரோமம் படிந்து உப்பல் குறையும், அதனால் அதைத் தவிர்த்துவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி எடுத்து, வாய் இரண்டும் திறந்திருக்கும்படி நிறுத்திக் காயவையுங்கள். ஃபரை உலர்ந்த பிறகு சீப்பால் வாரிவிடுங்கள். கம்பளியென்றால் குளிர்ந்த தண்ணீர், கசக்கல் கூடாது. கோடையில் எடுத்து வைக்கும்போது அதன் மேல் வேறு துணிகளை அடுக்காதீர்கள், மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த பஞ்சு முன்போல உப்பி வராது.